எத்தனை தலை உயரம்?

மனித உடலை வரையக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் முதலில் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: உடல் எத்தனை தலை உயரம்? உச்சி முதல் மோவாய் வரையுள்ள நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு, அந்த அலகை எத்தனை முறை அடுக்கினால் உள்ளங்கால் வந்து சேரும் என்பது கணக்கு. வளர்ந்த மனிதர் பெரும்பாலும் ஏழு, ஏழரைத் தலை உயரம் இருப்பர். ஐரோப்பியக் கலைக்கூடங்கள் போற்றிய இலட்சிய உடல் எட்டுத் தலை உயரமுடையது. ஜப்பானியப் படக்கதையாகிய மங்காவிலும், அதன் அசையும் வடிவமாகிய அனிமேயிலும் வீரனும் வீராங்கனையும் ஏழரையும் எட்டுமாக ஓங்கி நிற்பார்கள். சிரிக்க வைக்கும் குட்டி உருவங்களுக்கு இரண்டரையோ மூன்றோ போதும். இதனைப் பொழுதுபோக்குக் கணக்கென்றே பலரும் எண்ணக்கூடும். இதற்குள் சோறும் கூலியும் சரித்திரமும் அடங்கியிருக்கின்றன என்பதை மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றின் கொப்பிகளே எனக்கு உணர்த்தின.

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, தேயிலை மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் பகுதியில் நான் ஆசிரியத் தொழில் செய்கிறேன். எனக்குரிய பாடம் வரலாறு. ஆயினும் எந்த மாணவரின் கொப்பியைத் திருத்த எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ஓர் உருவம் நின்றுகொண்டிருக்கும்: முள்முள்ளாகச் சிலிர்த்த தலைமயிர், முகத்தில் பாதியை விழுங்கிய கண்கள், ஊசிபோற் கூரிய மோவாய், முடிவின்றி நீளும் கால்கள். ‘ஒன் பீஸ்’ என்பார்கள்; ‘நாருட்டோ’ என்பார்கள். 2020ஆம் ஆண்டில் தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று கடன்பட்டு வாங்கிய கைத்தொலைபேசிகள் லயக் காம்பராக்களுக்குள் நுழைந்தன. அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் மலையேறினார்கள். பாடம் அரைகுறையாக வந்தது. ஜப்பானியச் சித்திரம் முழுமையாக வந்து சேர்ந்தது.

ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி இவ்வுருவங்களை வரைவதில் மற்றவர்களை மிஞ்சியிருந்தாள். பாடசாலை விட்டபின் எனக்கும் கற்றுத்தர முடியுமா என்று ஒருநாள் கேட்டேன். “என்ன சேர், விளையாடுறீங்களா?” என்றாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் கண்டிப்பான ஆசிரியையாக மாறிவிட்டாள்.

முதலில் ஒரு வட்டம். அது மண்டையோடு. அதன் கீழே மோவாய்க்கு ஒரு கூம்பு. நெடுக்காக ஒரு கோடு. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அது சொல்லும். குறுக்காக ஒரு கோடு. கண்கள் அமரும் இடம் அது. மெய்யான தலையில் கண்கள் உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கின்றன. மங்காவில் பெரும்பாலும் சற்றுக் கீழே இறங்கும். இறங்க இறங்க முகம் குழந்தைத்தன்மை பெறும். மூக்கு ஒரு புள்ளி. வாய் ஒரு கீறல். உணர்ச்சியின் பாரம் முழுவதையும் கண்ணும் புருவமுமே சுமக்கின்றன.

பிறகு உடல். உடலை விளிம்பிலிருந்து தொடங்கக்கூடாது என்பது அவளுடைய முதல் விதி. உச்சியிலிருந்து பாதம்வரை உடலினூடே ஓடும் ஒற்றைக் கோட்டைத்தான் முதலில் போடவேண்டும். அதனை இயக்கக்கோடு எனலாம். “ஆளு என்ன செய்றாருன்னு அந்தக் கோட்டுலயே தெரியணும், சேர்” என்றாள். அக்கோட்டின்மேல் இரண்டு பெட்டிகள்: ஒன்று நெஞ்சுக்கூடு, மற்றது இடுப்பு. உடலின் பாரம் ஒரு காலில் ஊன்றினால் அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் தாழும். கைகால்கள் உருளைகள். எட்டுத்தலை உருவத்தில் இரண்டாம் தலையின் முடிவில் மார்பு, மூன்றில் தொப்புள், நான்கில் தொடைகள் பிரியும் இடம், ஆறில் முழங்கால். தொங்கவிட்ட கையின் முழங்கை இடையருகே நிற்கும். விரல்நுனி தொடையின் நடுவைத் தொடும். உள்ளங்கையோடு விரல்கள் சேர்ந்த நீளம் மோவாயிலிருந்து நெற்றி மயிர்வரை. என் கையிற் பிறந்த விரல்கள் வாழைச் சீப்பாகத் தொங்கின. உள்ளங்கையைச் சதுரமாகப் போட்டு, நான்கு விரல்களையும் முதலில் ஒரே கட்டாக வரைந்து, அதன்பின் பிரிக்கச் சொன்னாள். இரண்டு மாதத்தில் என் தாளிலும் மனிதர்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

இவ்விடத்தில், எம்மிடையே அடிக்கடி எழும் ஒரு கண்டனத்தை எதிர்கொண்டாக வேண்டும். இவை அந்நியக் கண்கள், அந்நியக் கால்கள், சந்தைக்காகச் செய்யப்பட்ட மயக்கமருந்து, உழைக்கும் மக்களின் பிள்ளைகள் தம் வாழ்விலிருந்து தப்பியோடும் வழி என்று முற்போக்கு நண்பர்களே கூறுகிறார்கள். இக்கூற்றில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. இன்று மங்காவும் அனிமேயும் உலகச் சந்தையின் பெரும் சரக்குகள். சில அனிமேக்கள் இப்போது தமிழிலேயே பேசுகின்றன. ஆனால் ஒரு கலையின் வரலாற்றை அதன் விலைச்சீட்டிலிருந்து மட்டும் படித்துவிட முடியாது.

ஹொக்குசாய் என்ற ஜப்பானிய ஓவியர் 1814ஆம் ஆண்டில் தமது ‘மங்கா’வின் முதல் தொகுதியை வெளியிட்டார். மொத்தம் பதினைந்து தொகுதிகள். கடைசித் தொகுதி அவர் மறைந்தபின் 1878இல் வெளிவந்தது. அது கதைப் புத்தகம் அன்று. ஓவியம் பயில்வோருக்கு உதவும் மாதிரிப் புத்தகம். தச்சரும் மல்லரும், சுமை தூக்குவோரும் துணி துவைப்போரும், பருத்தவரும் மெலிந்தவரும் அதன் பக்கங்களில் குனிந்தும் நிமிர்ந்தும் இயங்குகிறார்கள். அதற்கு இரண்டாண்டு முன்னர், வட்டத்தையும் நேர்கோட்டையும் கொண்டு உருவங்களை எளிதில் அமைக்கும் முறையை விளக்கி அவர் இன்னொரு கைநூல் எழுதியிருந்தார். என் மாணவி முதலில் போட்ட வட்டத்துக்கு ஒரு பழைய முன்னோடி அது.

அடுத்துத் தெசுக்கா ஒசாமு. குண்டுவீச்சில் எரிந்த ஒசாக்கா நகரில், 1947இல், மலிவான தாளில் அச்சிட்ட பிள்ளைப் புத்தகமாக ‘புதிய புதையல் தீவு’ வெளிவந்தபோது அவர் மருத்துவ மாணவர். பெரிய கண்கள் ஜப்பானிய இனத்தின் அடையாளமும் அல்ல, வெள்ளையர் ஆகும் ஆசையின் அடையாளம் மட்டுமும் அல்ல. அமெரிக்கச் சித்திரப் படங்களிலிருந்தும், சிறுவயதில் அவர் பார்த்த தக்கராசுக்கா மகளிர் நாடகமேடையிலிருந்தும் அவர் எடுத்து வளர்த்த நாடக மொழி அது. 1963இல் ‘அஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சிக்கு வந்தபோது, வாரம் ஒரு படம் முடிக்கப் பணமும் ஆளும் போதவில்லை. ஆதலால் ஒரே சித்திரத்தைச் சில கணம் நிறுத்திவைத்து, குறைந்த சித்திரங்களால் படத்தை நடத்தினார்கள். அனிமேயின் தனி அழகென்று இன்று இரசிக்கப்படும் அந்த உறைந்த நிலைகளுள் பல வறுமையின் சிக்கனத்திற் பிறந்தவை.

1964இல் தொடங்கிய ‘கரோ’ இதழில் சிராத்தோ சம்பெய் எழுதி வரைந்த ‘கமுய்’ கதை, நிலப்பிரபுக்களுக்கு எதிராக எழும் விவசாயிகளைப் பற்றியது. அவருடைய தந்தை பாட்டாளிவர்க்க ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர். அக்கதையை அந்நாளைய இடதுசாரி மாணவர் விரும்பிப் படித்தனர். ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அணுகுண்டுக்குத் தப்பிய நக்கசாவா கெய்ஜி 1973இல் ‘வெறுங்கால் கென்’ தொடரைத் தொடங்கினார். போரில் இடக்கையை இழந்த மிசுக்கி சிகேரு எஞ்சிய ஒற்றைக் கையால் போரின் கொடுமையை வரைந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற தக்காஹாத்தா இசாவோவும் மியசாக்கி ஹயாவோவும் தோயேய் சித்திரப்பட நிறுவனத்தின் தொழிற்சங்கத்தில் முன்னின்று உழைத்தவர்கள். ஊரார் ஒன்றுபட்டுத் தம் பகைவனை எதிர்கொள்ளும் கதையை 1968இல் அவர்கள் படமாக்கியபோது சங்கத்தின் மூச்சு அதில் கலந்திருந்தது. இக்கலையைத் தப்பியோடும் கலை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சரித்திரத்துக்குச் செய்யும் அநீதி.

கலையின் மரபு இவ்வாறாயின், அதன் அளவு எங்கிருந்து வருகிறது? அளவு என்பது எக்காலத்திலும் வெறும் அளவாக இருந்ததில்லை. நம் சிற்ப நூல்களும் உடலை முக அளவால் அளந்தன. அந்த அலகுக்குத் தாலம் என்று பெயர். சிவனும் திருமாலும் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது பத்துத் தாலத்தில் உயர்ந்த வகை. தேவியருக்கு அதில் இடைத்தரம். அடுத்த படியிலுள்ளோருக்கு ஒன்பதும் எட்டும். குழந்தை உருவங்களுக்கும் குள்ள பூதங்களுக்கும் நாலும் ஐந்தும். சிற்பியின் கையில் இருந்த கோல் தகுதியையும் சேர்த்தே அளந்தது. மங்காவின் எட்டுத்தலை வீரனும் மூன்றுதலைக் கோமாளியும் இந்தப் படிவரிசைக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். கொழுந்துக் கூடை சுமப்பவளுக்கு எத்தனை தாலம் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. விதிக்கும் தேவை சாத்திரகாரருக்கு எழவில்லை.

அவளைப் பிறர் படமாக்கினார்கள். ஆங்கிலப் புகைப்படக் கலையின் பெருந்திறனாளர்களுள் ஒருவராகிய ஜூலியா மார்கரெட் கமரன், கோப்பித் தோட்ட உரிமையாளரான தம் கணவருடன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இம்மலைநாட்டிலேயே மறைந்தார். ஹட்டனிலிருந்து அதிகத் தொலைவில்லாத பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசன், டார்வின், ஹேர்ஷல் என்று பெயர்கள் துலங்குகின்றன. இலங்கையில் அவர் படமெடுத்தவருள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். அந்தப் படங்களின் கீழே ‘களுத்துறைக் குடியானவர்’ என்றும் ‘இளம்பெண், இலங்கை’ என்றும் இருக்கும். பெயர் பெரும்பாலும் இராது. அதன்பின் வந்த தேயிலை விளம்பரங்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணை உலகெங்கும் அனுப்பின. 1991 வரிசையில் வந்த நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களின் உருவம் நாணயத் தாளில் ஏற்ற உருவமாயிற்று.

இயக்கக்கோட்டைக் கற்றபின் அந்த விளம்பரப் படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிய ஒருத்தி நிமிர்ந்து நிற்க முடியாது. நின்றால் பின்புறமாகச் சாய்ந்துவிடுவாள். உடலின் பாரமும் கூடையின் பாரமும் சேர்ந்த மையத்திலிருந்து கீழே விடும் குத்துக்கோடு இரண்டு பாதங்களுக்கும் இடையில் விழவேண்டும். ஆதலால் அவள் முன்னே வளைகிறாள். பின்னே இழுக்கும் கயிற்றுக்கு எதிராகக் கழுத்தை முன்னே நீட்டுகிறாள். சரிவில் ஒரு கால் மேலே மடிந்தும், மறுகால் கீழே நீண்டும் ஊன்றுகின்றன. இடுப்பில் கட்டிய படங்கு செடியில் உரசுகிறது. இரு கைகளும் வெவ்வேறு கிளைகளில் ஒரே சமயத்தில் இயங்குகின்றன. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோவோ அதற்கு மேலோ பறித்தாலன்றி முழுப்பேர் விழாது. இந்த விதிகளை வைத்துப் பார்த்தால், நிமிர்ந்து நின்று நம்மை நோக்கிச் சிரிக்கும் விளம்பரப் பெண்ணின் கூடை வெறுங்கூடை என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. ஓவியப் பயிற்சி எனக்களித்த முதல் அரசியற் பாடம் இதுதான்: பொய்யான படத்தில் பாரம் இருப்பதில்லை.

இரண்டாம் பாடம் அதனினும் கடியது. யாராவது ஒருவரை அளந்து வரைந்து வா என்று மாணவியிடம் சொல்லியிருந்தேன். அவள் கயிறொன்றை எடுத்துத் தன் தாயை அளந்தாள். தாய் பெயர் பதிந்த கொழுந்துத் தொழிலாளி. உயரம் ஆறே முக்கால் தலை வந்தது. தொடைகள் பிரியும் இடம் உடலின் நடுவில் நிற்கவில்லை. அதற்குக் கீழே நின்றது. அவள் பழகியிருந்த உருவங்களில் அந்த இடம் நடுவுக்கு மேலே நிற்கும். கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: “அம்மாவுக்குக் கால் குட்டையா இருக்கு சேர். அப்படியே வரைஞ்சா அசிங்கமா இருக்குமா? கொஞ்சம் நீட்டிரவா?”

பதிமூன்று வயதுப் பிள்ளையின் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட முடியாது. ‘உள்ளது உள்ளபடி வரை’ என்பது ஆசிரியருக்கு எளிய வாய்ச்சொல். தன் தாயின் உடலை உலகம் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று அஞ்சுகின்ற பிள்ளைக்கு அது பதிலாகாது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாயும் என்னிடம் அதையே வேறு விதமாகச் சொன்னார்: “என்னையப் போயி எதுக்குங்க சேர் வரையச் சொல்றீங்க? நல்ல ஆளாப் பாத்து வரையச் சொல்லுங்க.”

குட்டையான கால் என்பது என்ன? தனி ஒருவரின் காலை வைத்து எதுவும் நிறுவிவிட முடியாது. பரம்பரையும் அதில் உண்டு. ஆயிரமாயிரம் பேரின் கால்களைச் சேர்த்துப் பார்த்தால் அவற்றில் சரித்திரம் தெரியும். இதற்குச் சிறந்த சான்று, நீண்ட கால்களை வரைந்து குவித்த அதே ஜப்பானில் இருக்கிறது. உடல் வளர்ச்சியை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் டானரும் அவருடைய குழுவினரும், 1957க்கும் 1977க்கும் இடையில் ஜப்பானியரின் உயரம் எவ்வாறு மாறியது என்பதை 1982இல் வெளியிட்டார்கள். அந்த இருபது ஆண்டுகளில் கூடிய உயரம் ஏறத்தாழ முழுவதும் கால்களில் கூடியிருந்தது. உடற்பகுதி அநேகமாக அப்படியே இருந்தது. இருபது ஆண்டில் ஓர் இனத்தின் இரத்தம் மாறிவிடாது. மாறியது உணவும் சுகாதாரமும். பிள்ளைப் பருவத்தில் விரைந்து வளர்வது கால்; ஆகவே பசியும் நோயும் முதலில் வெட்டுவதும் காலைத்தான். பாடசாலை உணவுச் சட்டம் ஜப்பானில் 1954இல் நிறைவேறியது. அந்த வளர்ச்சிக்குக் காரணங்கள் பல. பிள்ளைகளின் தட்டில் விழுந்த மதிய உணவும் அவற்றுள் ஒன்று. மங்கா ஓவியர் தாளில் நீட்டிய கால்களை, சோறும் பாலும் தெருவில் நீட்டின.

இனி நம் பக்கம் திரும்புவோம். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். ஏறத்தாழ இரு மடங்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்த தலைமுறைகளின் கணக்கு இது. பிரசவத்துக்கு முந்திய நாள்வரை மலையேறிய தாய்மாரின் கணக்கு இது. ‘தோட்டத்து ஆட்கள் குள்ளம்’ என்று நகரத்துக் கடைத்தெருவில் கேலி பேசுவோர், ஒரு சமுதாயத்தின் தட்டிலிருந்து எடுக்கப்பட்ட உணவின் அளவையே தம்மையறியாமல் அறிவிக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கால்களுக்குப் பசியின் கதை மட்டும் உரியதன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் மாண்டவர் எண்ணற்றோர். மலையக வரலாற்றின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடியும் அதே திசையில் நடந்து வந்தார்கள். இந்த நாட்டின் அந்நியச் செலாவணியைச் சரிவிலே ஊன்றி நின்று ஈட்டிக் கொடுத்த கால்கள் அவை. இவ்வளவையும் மாணவியிடம் ஒரே நாளில் நான் சொல்லவில்லை. டானரின் ஆய்வைச் சொன்னேன். ஆய்வின் எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுவதும் கயிறுகொண்டு ஒருவரையொருவர் அளந்தோம். நீட்டுவதா வேண்டாமா என்ற முடிவை அவளிடமே விட்டுவிட்டேன்.

அவள் நீட்டவில்லை. அடுத்த வாரம் கொண்டுவந்த படத்தில் தாய் ஆறே முக்கால் தலை உயரமாகச் சரிவில் ஊன்றி நின்றார். இயக்கக்கோடு கூடையிலிருந்து தொடங்கிக் கழுத்து வழியாக இறங்கிப் பின்னங்கால் குதியில் முடிந்தது. சண்டைக் காட்சிகளில் முட்டியைச் சுற்றிப் போடும் வேகக்கோடுகளை விரல்களைச் சுற்றிப் போட்டிருந்தாள். கண்களை மட்டும் மங்கா வழக்கப்படி பெரிதாகவே விட்டிருந்தாள். இமைகள் தாழ்ந்து, பார்வை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய கொழுந்தின்மேல் பதிந்திருந்தது. ஏன் கண் மட்டும் இப்படி என்று கேட்டேன். “கண்ணு பெரிசா இருந்தாத்தான் அம்மா எதைப் பாக்குறாங்கன்னு தெரியும் சேர். அவங்க கேமராவைப் பாக்கல” என்றாள். விளம்பரப் படங்களைப் பற்றி நான் பல பக்கங்களில் எழுதக்கூடியதை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

உழைக்கும் உடலை இந்த நடையில் வரைய முடியுமா என்ற ஐயத்துக்கு ஜப்பானிலும் விடை உண்டு. தக்காஹாத்தா 1991இல் எடுத்த படத்தின் தலைப்பை ‘நினைவுகள் துளித்துளியாய்’ என்று தமிழில் சொல்லலாம். தோக்கியோ நகரில் வேலைபார்க்கும் பெண்ணொருத்தி யமகத்தா நாட்டுப்புறத்துக்குப் போய் விடியற்காலையில் செந்தூரகப் பூப் பறிக்கிறாள். அந்தப் பூவிலிருந்து உதட்டுச் சாயம் செய்வார்கள். முட்களால் விரல் கிழிந்து பூப்பறித்த கிராமத்துப் பெண்கள் அந்தச் சாயத்தைத் தம் உதட்டில் ஒருநாளும் பூசியதில்லை என்று அவள் நினைவுகூர்கிறாள். உலகுக்குத் தேநீர் அளித்துவிட்டுத் தூள் தேயிலையில் சாயம் வடித்துக் குடிக்கும் நம் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அப்படத்தில் வளர்ந்தவர்களின் முகத்தில் கன்னத்தசையும் சிரிப்பின் மடிப்பும் வரையப்பட்டுள்ளன. அனிமேயின் வழுவழுப்பான முகத்துக்குப் பழகியவர்களை அது திடுக்கிட வைக்கும். நடையின் எல்லையை மீறியல்லவா அந்த நடை வளர்கிறது! நம் மலைகளிலும் இத்தகைய முயற்சி தொடங்கியிருக்கிறது. ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைப் பைகளையும் தேயிலைச் சாயத்தையுமே ஊடகமாக்கித் தோட்டப் பெண்களின் வாழ்வைக் கண்காட்சிக் கூடங்களுக்குக் கொண்டு சென்றுள்ளார்.

சித்திரப்படக் கலைஞராகி ஜப்பானுக்குப் போகவேண்டும் என்று கனவு காணும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உண்டு. அந்தக் கனவைக் கலைக்க நான் விரும்பவில்லை. அங்கே இடைச்சித்திரம் வரையும் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தாளுக்கு இவ்வளவென்று எண்ணித்தான் கூலி தருகிறார்கள் என்பதையும், அந்தக் கூலி வாடகைக்குக்கூடப் போதாமல் பலர் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே கிலோ நிறுத்துக் கூலி. அங்கே தாள் எண்ணிக் கூலி. மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்து நிற்கும் தாயின் பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. சங்கம் என்ற சொல்லும் அவர்களுக்குப் புதிதன்று.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நான் கூற விரும்புவது அதிகமில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்து உருவங்களைக் கிழித்தெறியாதீர்கள். அவற்றின் ஆசிரியர்கள் வட்டமும் கோடும் உருளையும் அறிந்தவர்கள். பாரம் எங்கே விழுகிறது என்று யோசிக்கப் பழகியவர்கள். அவர்கள் கையில் ஓர் அளவுகயிற்றைக் கொடுங்கள். தாயையும் தகப்பனையும், கவ்வாத்து வெட்டும் மாமனையும், பிள்ளைக் காம்பராவில் தூங்கும் தம்பியையும் அளந்துவரச் சொல்லுங்கள். எட்டுத்தலை வீரனும் அக்கொப்பியில் இருக்கட்டும். ஓங்கி வளர வேண்டும் என்னும் ஆசை பிள்ளைகளின் உரிமை. அந்த ஆசை உடலில் நிறைவேறத் தடையாய் நிற்பது எது என்ற கேள்வியையும் அதே கயிறு எழுப்பும்.

2024இல் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. கால் விரைந்து வளரும் பருவத்திலுள்ள மேல்வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கு வெளியிலேயே நின்றார்கள். தமிழகத்தில் காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவை அந்நாளில் வீண்செலவென்று பேசியவர்களும் இருந்தார்கள். இன்று அப்படிப் பேசத் துணிவார் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எங்கள் வகுப்பின் முப்பது படங்களையும் மண்டபச் சுவரில் ஒட்டவிருக்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவரின் பெயரும், வரையப்பட்டவரின் பெயரும், எத்தனை தலை உயரம் என்ற அளவும் இருக்கும். ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கும் மதியச் சோறு வேண்டும் என்னும் மனுவை அந்தச் சுவரின் கீழே மேசை போட்டு வைப்போம். கையெழுத்திடப் பேனாவும் அங்கே இருக்கும்.